விளையாட்டு வீரனின் விழியும் உணவும்

திருகோணமலையில் பொழுது சாயும் வேளையே விளையாட்டு வேளை. ஏகாம்பரம் மைதானத்திலும், மக்கெய்சர் மைதானத்திலும், கப்பல்துறை, சீனக்குடா, தம்பலகாமம் முதலிய ஊர்களின் பாடசாலை வெளிகளிலும், கடற்கரை மணலிலும் பகல் வெயில் தணிந்த பின்னரே பந்து உருளத் தொடங்குகிறது. உட்துறைமுகத்துக்கு அப்பால் சூரியன் இறங்கிய சிறிது நேரத்தில் இருள் கவிந்துவிடும். வடதிசை நாடுகளிற் போல நீண்ட அந்தி நமக்கில்லை. அந்தக் குறுகிய அந்தியிலே ஒரு சிறுவன் பந்தைத் தவறவிடுகிறான்; எதிரே ஓடிவரும் தோழனோடு மோதி விழுகிறான். தோழர் நகைப்பர். பயிற்றுபவர், கவனம் போதாது என்று கடிந்துகொள்வார். குறை அவனுடைய கவனத்திலா, கண்ணிலா, அன்றி அவன் வீட்டு அடுக்களையிலா என்று கேட்பவர் அரியர்.

விளையாட்டு வீரனுக்கு உணவு வேண்டும் என்பதை எவரும் மறுப்பதில்லை. தசைக்கு முட்டை, எலும்புக்குப் பால், களைப்புக்குக் கஞ்சி என்று பட்டியல் இடுகிறோம். ஆயின், அந்தத் தசையையும் எலும்பையும் ஏவி நடத்துவது கண். மணிக்கு 145 கிலோமீற்றர் வேகத்தில் வீசப்படும் பந்து அரை விநாடி அளவிலே துடுப்பாட்ட வீரனை வந்தடைகிறது. அந்த அரை விநாடிக்குள் பந்தைக் கண்டு, அதன் போக்கை உணர்ந்து, மட்டையை நகர்த்தல் வேண்டும். அமெரிக்காவின் தொழில்முறைப் பேஸ்போல் வீரர்களைச் சோதித்து 1996ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, சாதாரணப் பார்வையுடையவர் 13 அடி தூரத்திலிருந்து காண்பதை அவ்வீரர்கள் சராசரியாக 20 அடி தூரத்திலிருந்தே கண்டனர் எனக் கூறிற்று. கூரிய கண் விளையாட்டின் மூலதனம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை. அந்த மூலதனத்தை உணவு எவ்வளவு காக்கிறது, எவ்வளவு பெருக்குகிறது என்பதே இங்கே நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

கடலோடிகளின் மாலைக்கண்

உணவுக்கும் பார்வைக்கும் உள்ள உறவை உலகுக்குத் தெளிவாகக் காட்டியவர்களுள் கடலோடிகள் முதன்மையானவர்கள். ஆதலின், கப்பல்கள் வந்து தங்கும் துறையிலிருந்து இவ்வாராய்ச்சியைத் தொடங்குவது பொருத்தமே. பாய்க்கப்பற் காலத்தில், மாதக்கணக்காக உலர்ந்த ரொட்டியையும் உப்பிட்ட இறைச்சியையும் உண்டு வந்த மாலுமிகள், பகலிலே நன்றாகப் பார்ப்பர். கதிரவன் மறைந்ததும் தட்டுத்தடுமாறுவர். பாய்மரத்தின் உச்சியில் ஏறிக் கயிறு பற்றவேண்டிய ஒருவனுக்கு இந்நிலை வந்தால் அது உயிருக்கே உலையாகும். இதுவே நாம் மாலைக்கண் என வழங்கும் நோய்.

1857ஆம் ஆண்டு திரியெஸ்தே துறையிலிருந்து புறப்பட்டு உலகைச் சுற்றிவந்த 'நோவாரா' என்னும் ஒஸ்திரியப் போர்க்கப்பல், 1858ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இலங்கையையும் சென்னையையும் தொட்டுச் சென்றது. அக்கப்பலின் வைத்தியர் எட்வர்ட் சுவார்ஸ், மாலைக்கண் கண்ட மாலுமிகளுக்கு மாட்டு ஈரலை அவித்து உண்ணக் கொடுத்தார். இருளில் வழியறியாது நின்றவர்கள் மீண்டும் பார்வை பெற்றனர். மாலைக்கண் உணவுக் குறையால் வருவது என அவர் முடிவு செய்தார். விற்றமின் என்ற சொல்லே பிறவாத காலம் அது.

ஈரல் அவர் கண்டுபிடித்த மருந்தன்று. பண்டை எகிப்தியரும் கிரேக்கரும் கண்ணோய்க்கு ஈரலைக் கையாண்டனர். நம் கிராமங்களிலும் மாலைக்கண்ணுக்கு ஆட்டீரலைச் சுட்டுக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. அனுபவம் கண்ட உண்மைக்குக் காரணம் காண அறிவியலுக்கு மேலும் பல ஆண்டுகள் வேண்டியிருந்தன.

விழித்திரையில் நிகழ்வது

கண்ணின் உட்புறத்தே அமைந்த விழித்திரையில் ஒளியை உணரும் கலங்கள் இருவகை. கூம்புக் கலங்கள் பகலொளியிலே நிறத்தையும் நுண்மையையும் காட்டுவன. கோற் கலங்கள் மங்கலொளியிலே உருவத்தையும் அசைவையும் காட்டுவன. கோற் கலங்களில் உரொடொப்சின் என்னும் செந்நிறப் பொருள் நிறைந்துள்ளது. ஒளி படுந்தோறும் அது சிதைந்து, நரம்புக்குச் செய்தி சொல்கிறது. இருளில் மீண்டும் உருவாகிறது. வெயிலிலிருந்து இருண்ட அறைக்குள் நுழைந்ததும் முதலில் ஒன்றும் தெரியாமல், பின்னர் மெல்ல மெல்லப் பொருள்கள் புலனாவது இதனாலேயே. கண் முழுமையாக இருளுக்குப் பழக ஏறக்குறைய அரைமணி நேரம் ஆகும்.

இச்செந்நிறப் பொருளை உண்டாக்க விற்றமின் ஏ இன்றியமையாதது. விழித்திரையில் விற்றமின் ஏ இருப்பதை 1933ஆம் ஆண்டில் கண்டவர் அமெரிக்க விஞ்ஞானி ஜோர்ஜ் வால்ட். பார்வையின் இரசாயனத்தைப் பற்றிய அவரது ஆராய்ச்சிகளுக்காக 1967ஆம் ஆண்டின் நோபெல் பரிசை வேறு இருவருடன் அவர் பகிர்ந்துகொண்டார்.

விற்றமின் ஏ குறைந்தவனுடைய கண், சிதைந்த செந்நிறப் பொருளை விரைவிற் புதுப்பிக்கமாட்டாது. பகலில் அவன் குறையற்றவன் போலத் தோன்றுவான். அந்தியில் மட்டும் பந்து அவன் கண்ணுக்கு மறையும். குறை முற்றினால் வெண்விழி வறண்டு, அதன்மேல் நுரைபோன்ற வெண்புள்ளிகள் தோன்றும்; இன்னும் முற்றினால் கருவிழி இளகிப் பார்வை முற்றாக அழியும்.

அதே 1933ஆம் ஆண்டில், கொழும்பிலே பணியாற்றிய வைத்திய ஆராய்ச்சியாளர் லூசியஸ் நிக்கல்ஸ், தோல் தேரையின் தோல்போலச் சொரசொரப்பாகும் ஒரு நிலையை விற்றமின் குறையோடு தொடர்புபடுத்தி எழுதினார். கடலுக்கு அப்பால் நீலகிரியிலே, குன்னூர் உணவு ஆராய்ச்சிக் கூடத்தை 1935 முதல் 1945 வரை நடத்திய அய்க்ரொயிட், தென்னாட்டு மக்கள் உண்ணும் தானியம், கீரை, கிழங்கு, மீன் ஒவ்வொன்றிலும் உள்ள சத்துகளை அளந்து 1937இல் அட்டவணையாக்கி வெளியிட்டார். நம்மவர் உணவை நம்மவர் நிலத்திலேயே வைத்து அளந்த அம்முயற்சி, பின்வந்த ஆராய்ச்சிகளுக்கெல்லாம் அடிப்படையாயிற்று.

கண் காட்டிய குறை கண்ணோடு நிற்பதன்று. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆராய்ச்சியாளர்கள் திருச்சி மாவட்டத்தில் ஏறக்குறைய 15,000 சிறுவர்களைக் கொண்டு நடத்திய ஆய்வு 1990ஆம் ஆண்டில் வெளியாயிற்று. வாரந்தோறும் சிறிதளவு விற்றமின் ஏ பெற்ற சிறுவரிடையே மரணம் 54 வீதம் குறைந்திருந்தது. அந்தியில் தடுமாறும் பிள்ளையின் கண், அவன் உடல் முழுவதற்கும் வந்துள்ள ஆபத்தை அறிவிக்கும் முரசு என்பது இதனாற் புலனாகும்.

கரட் கதை

'கரட் உண்டால் இருளிலும் கண் தெரியும்' என்னும் கூற்றை நம் வீடுகளிலும் கேட்கலாம். இதன் வரலாறு சுவையானது. திருகோணமலையோடும் ஒருவகையில் உறவுடையது.

1940ஆம் ஆண்டில், இலண்டன் மாநகரின்மேல் இரவிலே குண்டு பொழிந்த ஜெர்மானிய விமானங்களைப் பிரித்தானிய விமானிகள் இருளிலேயே தேடி வீழ்த்தத் தொடங்கினர். அவர்களுள் புகழ்பெற்றவரான ஜோன் கன்னிங்காம், 'பூனைக்கண்' என்னும் பட்டப்பெயரே பெற்றார். விமானிகள் கரட்டை மிகுதியாக உண்பதால் அவர்கள் பார்வை கூர்மையுற்றது என்று பிரித்தானியாவிலே பரப்பப்பட்டது. உண்மையில் அவர்களுக்கு வழிகாட்டியது விமானத்தினுள் பொருத்தப்பட்ட ராடர் கருவி. அக்கருவியை மறைக்கவும், போர்க்காலத்தில் மலிவாகக் கிடைத்த கரட்டை மக்கள் விரும்பி உண்ணச் செய்யவும் அக்கதை உதவிற்று.

சிங்கப்பூர் 1942ஆம் ஆண்டு பெப்ரவரியில் வீழ்ந்தபின், திருகோணமலைத் துறைமுகம் போரின் வாயிலுக்கு வந்தது. ஏப்பிரல் 9ஆம் நாள் காலை யப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத் தளத்தையும் தாக்கின. அவை வருவதை முன்கூட்டி அறிந்து, ஹரிக்கேன் போர்விமானங்கள் மேலெழ வழிசெய்ததும் ராடரே. அன்றைய நாளிலேயே 'ஹெர்மிஸ்' என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. கூரிய மனிதக் கண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லையைக் கடக்கக் கருவி வேண்டும். கரட்டால் அது ஆகாது.

எனினும் கரட் கதை முழுப்பொய்யுமன்று. விற்றமின் ஏ குறைந்தவனுக்குக் கரட் நன்மை செய்யும். குறையாதவனுக்கு மேலும் கொடுப்பதனால் இரவுப் பார்வை வளராது. நிறைந்த குடத்தில் மேலும் நீர் வார்த்தால் அது வழியுமேயன்றி உயராது. இந்த எளிய உண்மையை மறைத்தே, விளையாட்டு வீரர்க்கென்று பல மாவுகளும் மாத்திரைகளும் விலையாகின்றன.

மஞ்சட் சத்தும் கடற்கண்ணொளியும்

இரவுப் பார்வை ஒருபுறமிருக்க, பகலிலே கண்ணைக் கூசச் செய்யும் ஒளியும் வீரனுக்குப் பகையே. கடற்கரை மணலும் நீர்ப்பரப்பும் வெயிலை எதிரொளிக்கும் துறைமுக நகரில் இதை விளக்கவேண்டியதில்லை. உயரே எழுந்த பந்து சூரியனுக்கு நேரே வரும்போது, பிடிக்க நின்றவன் கைகள் வெறுவெளியைப் பற்றுகின்றன. மேற்கிந்தியத் தீவுகளின் துடுப்பாட்ட வீரர் சிவநாராயண் சந்தர்பால், தம் கண்களின் கீழே கரும்பட்டை ஒட்டிக்கொண்டு ஆடியதைப் பலரும் கண்டிருப்பர். கன்னத்தினின்று தெறிக்கும் ஒளியைக் குறைப்பதே அதன் நோக்கம்.

இயற்கை நம் கண்ணுக்குள்ளேயே ஒரு காப்பை வைத்துள்ளது. விழித்திரையின் நடுவே, மிக நுண்மையாகக் காணும் இடத்தில், மஞ்சள் நிறப் படலம் ஒன்று இருக்கிறது. லூட்டீன், சீயசாந்தீன் என்னும் இரு சத்துகளே அந்நிறத்துக்குக் காரணம். அவை நீல ஒளியின் ஒரு பகுதியை விழுங்கிக் கொள்கின்றன. இவற்றை உடல் தானாக உண்டாக்க இயலாது, உணவிலிருந்தே பெறவேண்டும். கீரைகள், முட்டை மஞ்சட்கரு, சோளம் முதலியவற்றில் அவை உள்ளன.

அமெரிக்காவின் ஜோர்ஜியாப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் ஹமண்ட் முதலியோர், நலமுடைய இளைஞர்களுக்கு ஓராண்டு காலம் நாள்தோறும் 10 மில்லிகிராம் லூட்டீனும் 2 மில்லிகிராம் சீயசாந்தீனும் கொடுத்துச் சோதித்து, முடிவை 2014ஆம் ஆண்டில் வெளியிட்டனர். கடும் ஒளி பட்ட கண் பழையநிலைக்குத் திரும்பும் வேகம் கூடிற்று. நிறங்களைப் பிரித்துணரும் திறனும் கூடிற்று. கூச்சத்தைத் தாங்கும் திறனில் மட்டும் ஐயத்துக்கிடமற்ற முன்னேற்றம் காணப்படவில்லை. ஆதலின், இச்சத்துகளை மந்திரமென மதிப்பதும் தவறு. பயனற்றவையெனத் தள்ளுவதும் தவறு. குறையில்லாத கண்ணுக்கும் உணவு சிறிது மேன்மை தரக்கூடும் என்பதற்கு இன்று நம்மிடமுள்ள நல்ல சான்றுகளுள் இது ஒன்று.

நம் அடுக்களையில் இருப்பவை

இனி, இவற்றையெல்லாம் ஓர் ஏழைக் குடும்பம் எங்கே தேடும் என்ற வினா எழும். விடை வேலியோரத்தில் நிற்கிறது. முருங்கையிலை, அகத்தி, பொன்னாங்காணி, வல்லாரை, தண்டுக்கீரை ஆகியவை விற்றமின் ஏயாக மாறும் கரொட்டீனையும் மேற்சொன்ன மஞ்சட் சத்துகளையும் ஒருங்கே தருவன. இந்திய உணவு அட்டவணைகளில் முருங்கையிலையின் கரொட்டீன் அளவு கரட்டைவிட மேலாகவே காணப்படுகிறது. மலைநாட்டிலிருந்து லொறியேறி வரும் கரட்டை விலைகொடுத்து வாங்கிக்கொண்டு, கிணற்றடி முருங்கையைக் கவனியாது விடுவது நமது பழக்கம். பழுத்த பப்பாசி, மாம்பழம், பூசணி, பனம்பழச் சாறு ஆகியவற்றின் பொன்னிறமும் இக்கரொட்டீன் இனத்தைச் சேர்ந்ததே.

இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. கரொட்டீன் கொழுப்பிலே கரைவது. கொழுப்பின்றி உண்டால் குடல் அதனை நன்கு உறிஞ்சாது. நம் தாய்மார் கீரையைத் தேங்காய்ப்பூ இட்டு வறையாக்குவதும், தேங்காய்ப்பாலிற் சொதியாக்குவதும் சுவைக்காகவே செய்யப்பட்டனவாயினும், சத்து உடலிற் சேர்வதற்கும் அவையே வழி. உடல் மெலியவேண்டும் என்று எண்ணெயையும் தேங்காயையும் அறவே விலக்கும் வீரர்கள் இதனை நினைவிற் கொள்ளவேண்டும். தாவரக் கரொட்டீன் 12 பங்கு இருந்தால் ஒரு பங்கு விற்றமின் ஏக்குச் சமம் என்பது இன்றைய கணக்கு. ஆதலின் கீரை பேருக்கு ஒரு கரண்டியாக இருத்தல் போதாது.

கடல் தரும் உணவோ இன்னும் செழிப்பானது. சூடை, சாளை, கீரி முதலிய சிறுமீன்களின் கொழுப்பில் உள்ள ஒருவகை அமிலம் விழித்திரைக் கலங்களின் மென்சவ்வுக்குக் கட்டடப்பொருளாக அமைகிறது. ஈரலிற் சேர்ந்துள்ள விற்றமின் ஏயைக் கண்ணுக்குக் கொண்டுசெல்லும் புரதம் உருவாக நாகச்சத்து வேண்டும். அதனை மீனும் மட்டியும் இறைச்சியும் தரும். இரண்டாம் உலகப் போரின்போது ஐரோப்பாவிலிருந்து மீனெண்ணெய் வருவது தடைப்பட, அன்றைய சென்னை மாகாணத்துக் கோழிக்கோட்டிலும் திருவிதாங்கூரிலும் சுறாவின் ஈரலிலிருந்து எண்ணெய் வடித்து அக்குறையைத் தீர்த்தனர்.

மிகுதி ஆபத்து என்பதையும் உடன் கூறவேண்டும். ஈரலிலும் மாத்திரையிலும் உள்ள விற்றமின் ஏ உடலில் தங்கிச் சேர்வது. வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்கு 900 மைக்கிரோகிராமும் பெண்ணுக்கு 700 மைக்கிரோகிராமும் போதும். 3,000 மைக்கிரோகிராமுக்கு மேல் நெடுநாள் உட்கொண்டால் ஈரலுக்கும் எலும்புக்கும் கேடு. கருவுற்ற தாயின் சிசுவுக்கும் அது தீங்கு. கரொட்டீன் மாத்திரையும் எல்லோருக்கும் நன்மை செய்வதன்று. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைக் கொண்டு நடந்து 1994இல் வெளியான ஆய்வில், அம்மாத்திரை உண்டவரிடையே நுரையீரற் புற்றுநோய் 18 வீதம் கூடியிருந்தது. கீரையிலிருந்து பெறும் சத்தும் குப்பியிலிருந்து பெறும் சத்தும் ஒன்றெனக் கருதலாகாது.

உணவு செய்ய மாட்டாதது

உணவின் பெருமையைச் சொன்ன நாம் அதன் எல்லையையும் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். ஏனெனில், இவ்வெல்லையை அறியாமையால் நம் பிள்ளைகளிற் பலர் இழப்பது அவர்களது கல்வியையும் விளையாட்டையும் ஆகும்.

கிட்டப்பார்வை என்பது கண்விழி நீண்டு, தூரத்துப் பொருளின் உருவம் விழித்திரைக்கு முன்னரே குவிவதால் வருவது. இது கண்ணின் வடிவத்தில் உள்ள குறை. கரட்டும் பொன்னாங்காணியும் மீனெண்ணெயும் அதனை மாற்றமாட்டா. கரும்பலகை எழுத்தும் மறுமுனையிலிருந்து வரும் பந்தும் மங்கலாகத் தெரிகின்ற பிள்ளைக்கு வேண்டியது மூக்குக்கண்ணாடி. 'கண்ணாடி போட்டவன் விளையாட மாட்டான். இன்னும் கொஞ்சம் கீரை சாப்பிடட்டும்' என்று பெற்றோர் நாள்களைக் கடத்துகின்றனர். மூக்குக்கண்ணாடி அணிந்தபடியே மேற்கிந்திய அணிக்குத் தலைமை தாங்கி, 1975இலும் 1979இலும் துடுப்பாட்ட உலகக் கிண்ணத்தை வென்றவர் கிளைவ் லொயிட். அவர் பெயரை அப்பெற்றோருக்குச் சொல்லவேண்டும்.

பயிற்சியின் இடத்தையும் உணவு கொள்ளமாட்டாது. அந்தமான் கடலில் வாழும் மோக்கன் இனத்துச் சிறுவர்கள், கடலின் அடியிலே மட்டியும் சிப்பியும் தேடி மூழ்குவர். சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் அன்னா யிஸ்லேன் அவர்களைச் சோதித்து 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், நீருக்கடியில் அவர்களுடைய பார்வை ஐரோப்பியச் சிறுவரின் பார்வையைவிட இருமடங்கு கூர்மையாக இருக்கக் கண்டார். அவர்கள் உண்ட மீனே காரணம் என்று முடிவு கட்டத் தோன்றும். ஆனால், நீரினுள் கண்மணியைச் சுருக்கி, வில்லையை முழுவலிவோடு குவிக்க அவர்கள் பழகியிருந்ததே காரணம். சில ஆண்டுகளின் பின்னர் சுவீடன் நாட்டுச் சிறுவர்களும் பயிற்சியால் அத்திறனைப் பெற்றனர்.

விளையாட்டு கண்ணுக்கு ஊட்டும் உணவு

இதுவரை உணவு கண்ணைக் காத்து விளையாட்டுக்கு உதவுவதைக் கண்டோம். எதிர்த்திசையில் ஓடும் உறவொன்றும் அண்மைக்காலத்தில் அறியப்பட்டுள்ளது. விளையாட்டு, கண்ணைக் காக்கிறது.

சீனாவின் குவாங்சோ நகரில் 12 பாடசாலைகளைத் தெரிந்து, அவற்றுட் பாதியில் முதலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாள்தோறும் மேலதிகமாக 40 நிமிட நேரம் வெளிமுற்றத்திலே கழிக்கச் செய்தனர். மூன்றாண்டு கழிந்தபின், வழக்கம்போலக் கற்ற பிள்ளைகளில் 39.5 வீதமானோர்க்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது. வெளியிலே கழித்தவர்களில் 30.4 வீதமானோர்க்கே வந்தது. இவ்வாய்வு 2015ஆம் ஆண்டில் வெளியாயிற்று. பகலொளி கண்விழியின் மிகையான நீட்சியைத் தடுக்கிறது என்பது அறிஞர் கருத்து. எந்த உணவாலும் தடுக்கவியலாத ஒரு குறையைத் திறந்தவெளி ஓரளவு தடுக்கிறது. பரீட்சைக்காகப் பிள்ளையின் விளையாட்டு நேரத்தைப் பறித்து, மாலை வகுப்பின் மங்கலொளியிலே இருத்துவோர் எண்ணிப் பார்க்கவேண்டிய செய்தி இது.

ஆசிரியர் செய்யக்கூடியவை அரியன அல்ல. ஆண்டுக்கு ஒருமுறை, எழுத்து அட்டையொன்றைச் சுவரிலே தொங்கவிட்டு, 6 மீற்றர் தூரத்தில் பிள்ளையை நிறுத்தி ஒவ்வொரு கண்ணாக வாசிக்கச் செய்யலாம். வாசிக்கத் தவறியவனைக் கண் வைத்தியரிடம் அனுப்பலாம். பகலிற் சிறப்பாக ஆடி அந்தியில் மட்டும் தடுமாறுபவன் எவன் என்று மைதானத்திலே கவனிக்கலாம். அவனிடம் வீட்டில் என்ன சமைக்கிறார்கள் என்று அன்போடு விசாரிக்கலாம். பாடசாலை வளவில் இரண்டு முருங்கையும் ஓர் அகத்தியும் நட்டு, மதிய உணவிலே ஒரு பிடி கீரை சேரச் செய்யலாம். பெரும் பொருட்செலவு எதுவும் இதற்கு வேண்டியதில்லை.

பந்தைத் தவறவிட்ட சிறுவனைக் கடிந்துகொள்ளுமுன் மூன்று வினாக்களுக்கு விடை தேடுவோம். அவன் உண்கிறானா? அவனுக்குத் தெரிகிறதா? அவனை விளையாட விடுகிறோமா? முதல் வினா அடுக்களைக்கு உரியது. இரண்டாவது வைத்தியருக்கு உரியது. மூன்றாவது நம் எல்லோருக்கும் உரியது.